மூணாவது புளியங்கொட்டை

மணி பதினொன்று ஆகப் பத்து நிமிஷம். வளர்பிறை வாலிபால் கழகத்தின் ஓட்டுக் கட்டடத்துக்குள் ஃபேன் சுற்றுகிறது என்று பேர், காற்று வந்தபாடில்லை. சாலமோன் மடியில் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டானை வைத்துக்கொண்டு ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். புதுக் கருப்பட்டி. ஓலையில் இன்னும் பச்சை வாசம் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயசு மனுஷன், டிபன் பெட்டியைப் பிடித்திருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஒவ்வொரு வைகாசியிலும் முதல் கருப்பட்டி பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கு. முப்பத்திமூணு வருஷமாக அப்படித்தான். கூட்டம் முடிந்ததும் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட வேண்டும் என்பதுதான் இன்றைக்கு அவன் போட்ட திட்டம். ஆனால் கூட்டம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. மாவட்ட லீக்கில் இந்த வருஷம் புது ஏற்பாடு. ஆட்டக்காரர்கள் பேரெல்லாம் ஒரே பட்டியல், எட்டுக் கழகமும் சீட்டுக் குலுக்கி, வந்த வரிசைப்படி கழகத்துக்கு ஒருத்தர் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியது. வளர்பிறைக்கு முதல் சீட்டு விழுந்துவிட்டது. அதிர்ஷ்டம் தனியாக வருமா, சண்டையையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். செயலாளர் திருச்செந்தூரில் ஆளெடுப்பு நடக்கிற கல்யாண மண்டபத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் இங்கே இருக்கிற ஐந்து பேரும் ஒரு பேரைச் சொல்லியாக வேண்டும். ஐந்து பேருக்கும் ஐந்து வாய்.

பேச்செல்லாம் பெவின் என்ற ஒரு பையனைப் பற்றித்தான். கல்லூரியில் கடைசி வருஷம், லிஃப்டர். வலைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பந்தை அடிக்கிறவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறவன். கைதட்டு அடிக்கிறவனுக்கு, ஏச்சு தூக்கினவனுக்கு. உலகத்தில் வேறு எந்த வேலையும் இப்படிக் கிடையாது என்று சாலமோன் பலதடவை நினைத்திருக்கிறான், அவனே அந்த வேலையைச் செய்தவன் என்பதால். செல்போன் கடை ரீகன் தன் போனை நீட்டி நாலாவது தடவையாகப் பையனுடைய கல்லூரி மேட்ச் வீடியோவைப் போட்டான். "பாருங்க அண்ணே. அஞ்சாவது செட்டு, பதினாலு பதிமூணுன்னு அவுக முந்தி நிக்காவ. இந்தப் பாயிண்ட் போனா மேட்ச் போச்சு. இவுக காலேஜ் ஸ்டார் அடிக்காரன் கையைத் தூக்கிட்டு நிக்கான். இவன் பந்தை யாருக்குக் கொடுக்கான்? காலையிலயிருந்து ஒரு பாயிண்ட் எடுக்காத, பெஞ்சுலயிருந்து வந்தவனுக்கு. அவன் அதை வெளிய அடிச்சான், கதை முடிஞ்சுது. இந்தக் கிறுக்கனுக்கா முதல் சீட்டு?" புரோட்டாக் கடை சுயம்பு ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல லிஃப்டர் இல்லாத டீமு சால்னா இல்லாத புரோட்டா வே. எத்தன பேரு அடிக்க இருந்தா என்ன, தொண்டையில இறங்காது." ஆறடி நாலங்குலம் உயரத்தில் ஒரு அடிக்காரன் பட்டியலில் இருந்தான், ரீகனுக்கு அவன்தான் வேண்டும். பெவினை நாம் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப் போவதில்லை என்பது ஐந்து பேருக்கும் தெரியும், வீடியோ ஜில்லா முழுக்கச் சுற்றிவிட்டது. பையனுடைய அப்பா உப்பளத்தில் கூலி. லீக்கில் ஆடினால் துறைமுகத்துக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், ஒரு வேலை விழலாம். ஆடாவிட்டால் அடுத்த மாசம் திருப்பூர் பனியன் கம்பெனி. இவ்வளவுதான் விஷயம். சாலமோனுக்கு வாயைத் திறக்க வேண்டும்போல இருந்தது, திறக்கவில்லை. தூக்கிக் கொடுத்தே பழகினவனுக்குப் பேச்சு எங்கே வரும்.

அப்போதுதான் பொன்னுலிங்கம் அண்ணாச்சி அந்தச் சொல்லைச் சொன்னார். எழுபது தாண்டிய மனுஷன், கழகத்துக்கு மூத்தவர், வெற்றிலைச் செல்லத்தை மூடிக்கொண்டே சும்மா சொன்னார். "லிஃப்டர் விசயத்துல நான் என்னைக்கும் ஒரே கட்சிதாம்டே. கடைசிப் பாயிண்டுல தோக்க வச்சவனுக்கு என் கையால ஓட்டுக் கொட்டை விழாது. இந்தா இருக்கானே சாலமோன், தங்கமான பய, இவனுக்கே அன்னைக்குக் கல்லைத்தான் போட்டேன்." சுயம்பு சிரித்தான். "அண்ணாச்சி, யார் எதைப் போட்டாவன்னு சொல்லக்கூடாதுல்லா. சொன்னவருதான் வருசம் பூரா வலை கட்டணும். ஏணி எடுத்து வைக்கட்டா?" "எடுத்து வை. முப்பத்திமூணு வருசத்துக்கு அப்புறம் சட்டம் என்னடே சட்டம்." "அப்போ வருசா வருசம் இவன் கருப்பட்டி கொண்டாந்து தாரானே?" "தாரான். மூத்தவன்னு ஒரு மரியாதைக்குத் தாரான். வேண்டாம்னா சொல்லுவாக?" வாசல் பக்கம் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கோயில்பிச்சை பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. "பழைய கதை எதுக்கு இப்போ. மணி என்ன ஆவுது?" என்றார். மணி பதினொன்று ஐந்து.

கல். சாலமோனுக்குக் காதுக்குள் அந்த ஒரு சொல் நின்றுவிட்டது, மற்றவர்கள் பேசுவதெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ கேட்டது. கல்லா. அண்ணாச்சியா. இல்லை, வயசாகிவிட்டது, மறந்து பேசுகிறார். ஆனால் அந்த மனுஷனுக்கு எழுபத்தொன்பதாம் வருஷம் எந்த ஊரில் எந்தச் செட்டில் எத்தனை பாயிண்ட் என்று இன்னும் தெரியும், மறப்பாரா. வளர்பிறையில் ஆளெடுப்பது அன்றைக்கும் இப்படித்தான். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு புளியங்கொட்டை, ஒரு கல். வேண்டுமென்றால் கொட்டை, வேண்டாமென்றால் கல். மூடின கையோடு போய்ப் பழைய வெள்ளிக் கோப்பைக்குள் போட வேண்டும், சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று கோப்பைக்குள் துண்டு விரித்திருக்கும், மிச்சத்தை ஜன்னல் வழியே மணலில் எறிந்துவிட வேண்டும். தொண்ணூற்றிரண்டில் பத்தொன்பது வயசு சாலமோனுக்காக விழுந்தது மூன்று கொட்டை, இரண்டு கல். மூன்றில் இரண்டு யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது. ஒன்று தேவசகாயம் சார், கைபிடித்துக் கூட்டிவந்தவரே அவர்தான், இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். இன்னொன்று சுடலைமுத்து மாமா, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டே போனார். ஒரு கல் செல்லத்துரையினுடையது, அவருக்குத் தன் தங்கச்சி மகனை லிஃப்டராக்க வேண்டும். மிச்சம் இரண்டு பேர். பொன்னுலிங்கம் அண்ணாச்சி, மறுநாள் காலையில் தோளில் தட்டி நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தவர். இன்னொருத்தர் கோயில்பிச்சை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பத்தொன்பது வயசில் நினைத்தான். இருபத்தொன்பதில் நினைத்தான். மகன் பிறந்தபோது அண்ணாச்சி பேரைச் சேர்த்து பொன்ராஜ் என்று வைத்தான். ஞானஸ்நானத்துக்கு வேதத்தில் பேரா இல்லை என்று மனைவி ஜாய்ஸ் கேட்டாள், நீ பேசாமல் இரு, அவர் இல்லாவிட்டால் நான் இல்லை என்றான். பொன்ராஜுக்கு இப்போது இருபத்திநாலு வயசு. இனிமேல் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட? கோயில்பிச்சை ராஜ் என்றா? சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் எங்கேயோ வலிக்கவும் செய்தது.

ஏனென்றால் கணக்குப் போட ஐந்து நிமிஷம் வேண்டாம். அண்ணாச்சி கல் என்றால் மூணாவது கொட்டை அவர். வாசல் பக்கம் பேப்பருக்குப் பின்னால் இருக்கிற அவர். முழங்கால். சாலமோனுக்கு அந்தச் சொல் இப்போதும் பல்லில் கல் கடிபட்ட மாதிரி. ஊர்த் திருவிழா மேட்ச், பதினாலு பதிமூணு என்று எதிராளி முந்தி, சார் அவனைச் சோதித்துப் பார்க்கவென்று முதல்தடவையாக இறக்கிவிட்டிருந்தார். பந்து பின்னாலிருந்து உயர வந்தது. எதிர்ப் பக்கம் இரண்டு பேர் டீமின் பெரிய அடிக்காரரான செல்லத்துரையின் முன்னால் கையை விரித்து நின்றார்கள், இந்த மூலையில் கோயில்பிச்சைக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அவருக்குத் தூக்கினான். எத்தனை ராத்திரி அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பத் தூக்கியிருப்பான், ஒவ்வொரு தடவையும் அது வலைக்கு மேலே ஒரு முழம் போய்ச் சரியாக அந்த மூலையில் நிற்கும், கோயில்பிச்சை எழும்புவார், பந்து கோட்டைத் தாண்டி ஜெனரேட்டர் மேல் போய் விழும். ஆட்டம் போச்சு. ஊரே பார்க்கக் கோயில்பிச்சை அவனைப் பார்த்துக் கத்தினார், "பந்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தா எவம்லே அடிப்பான்?" சனம் கொல்லென்று சிரித்தது. ஒரு வருஷம் அவனுக்கு முழங்கால் என்றே பேர், சந்தையில், பஸ்ஸில், கோயில் வாசலில்கூட. அம்மா ஒருநாள் கேட்டாள், நிசமாவே தாழத்தான் தூக்கினியா மக்கா? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவனுக்கும் வந்துவிட்டது. சரியாகத்தான் தூக்கினோமா, இல்லை, ராத்திரி ராத்திரி நினைத்து நினைத்து நாமே உயர்த்திவிட்டோமா? அன்றையிலிருந்து கோயில்பிச்சையை அவன் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் இல்லை, அண்ணாச்சி இல்லை, பேரும் இல்லை. எட்டு வருஷம் ஒரே டீமில் ஆடினார்கள், இந்தா, ஆ, ம், இவ்வளவுதான் பேச்சு.

எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு பந்தைக்கூடக் குறை சொன்னதில்லையே என்று சாலமோனுக்கு இப்போதுதான் தைத்தது. கருப்பட்டிக் கொட்டானில் அவன் விரல் ஒரு ஓலையைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தது. கோவில்பட்டி அரையிறுதியில் கை வழுக்கி ஒரு பந்து நிஜமாகவே கேவலமாகப் போனது, முழங்காலுக்குக்கூட அல்ல, கரண்டைக்காலுக்கு. அவர் குனிந்து முட்டியால் ஒரு தள்ளுத் தள்ளி அந்தப் பக்கம் போட்டுவிட்டு, ஏசுகிற சனத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, "நாந்தான் லேட்டு" என்றார். அன்றைக்கு அது தெனாவட்டு என்று நினைத்தான். பாரேன், என் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி பெரிய மனுஷத்தனம் காட்டுகிறான் என்று நினைத்தான். ஒரு மனுஷனை ஒரு தடவை இன்னார் என்று முடிவு கட்டிவிட்டால் அவன் தண்ணீர் கொடுத்தாலும் விஷம் என்றுதான் தோன்றும். துறைமுகத்து ஆபீசர் ஆட்டம் பார்க்க வந்த அன்றைக்குக் கோயில்பிச்சை பதினொரு பந்து அடித்தார், பதினொன்றும் பாயிண்ட், வலது தோள் அப்போதே வீங்கியிருந்தது. அடித்தவருக்கு வேலை வரவில்லை, வயசு தாண்டிவிட்டது. தூக்கிக் கொடுத்த சாலமோனுக்கு வந்தது. வேலை வந்தது, ஜாய்ஸ் வந்தாள், வீடு வந்தது, பொன்ராஜ் வந்தான், மகள் நர்ஸ் படித்தாள். எல்லாம் அந்த மூணாவது கொட்டையில் முளைத்தது. முப்பத்திமூணு வருஷமாக நன்றி நன்றி என்று நெஞ்சு நிறைந்து போயிருந்தானே, அதெல்லாம் விலாசம் தப்பிப் போன கடுதாசி. ஆனாலும் ஒன்று: அந்த நன்றி பொய்யில்லை. அதை வைத்துக்கொண்டு அவன் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறான், ஒருத்தன் நம்மை நம்பினான் என்ற நினைப்பே காலையில் எழுப்பிவிட்டிருக்கிறது. ஆள்தான் மாறிவிட்டது. ஆண்டவரே, ஆள் எங்கேயும் போய்விடவில்லை, பத்தடி தூரத்தில் உயிரோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. சார் மாதிரி கல்லறைத் தோட்டத்துக்குப் போன பிறகு தெரிந்திருந்தால்?

"ஆக என்ன முடிவு?" என்றான் ரீகன். மணி பதினொன்று நாற்பது. "எனக்கு அந்த உயரக்காரன். பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கும் இந்தப் பையன் வேண்டாம். பிச்சையண்ணே, நீங்க?" கோயில்பிச்சை பேப்பரை மடித்தார். ஐம்பத்தொன்பது வயசு, சிமெண்டுக் கடைத் தூசி படிந்த புருவம், வலது கையை இப்போதும் தோளுக்கு மேல் தூக்க முடியாது, தலை சீவுவதுகூட இடது கையால். "வேண்டாம்டே. பந்து தாழப் போயிருக்கு" என்றார். அதே சொல். சாலமோனுக்குச் சூடு காது வரைக்கும் ஏறியது. கொட்டையும் போட்டுவிட்டு இந்த மனுஷன் ஏன் இப்படியே பேசுகிறார்? இல்லை, அன்றைக்கும் கல்லுதான் போட்டாரோ, சுடலைமுத்து மாமா வீட்டில் சும்மா சொல்லிவிட்டாரோ, செல்லத்துரைதான் நல்லவரோ? ஐயோ, இப்படிப் போனால் ஒவ்வொருத்தராகக் கருப்பட்டி கொடுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். உப்பளத்தில் நிற்கிற ஒருத்தர் நினைப்பில் வந்தார், முகம் தெரியாது, பெவினின் அப்பா. அவர் வீட்டிலும் ஒரு அம்மா இன்றைக்கு மகனிடம் கேட்டுக்கொண்டிருப்பாள், ஏம்மக்கா அந்தப் பயலுக்குப் போய்க் கொடுத்தே? பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள், முழங்கால் முழங்காலுக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள். பேசாவிட்டால் அந்தப் பையன் திருப்பூரில் நூல் தூசிக்குள் உட்கார்ந்து ராத்திரி ராத்திரி ஒரே பந்தைத் தூக்கிக்கொண்டிருப்பான். சாலமோன் எழுந்துவிட்டான். கொட்டான் மடியிலிருந்து பெஞ்சுக்கு உருண்டது.

"ரீகன், அந்த வீடியோவைப் போடு. அவன் கைக்குப் பந்து வருதுல்லா, அந்த இடத்துல நிறுத்து." ரீகன் நிறுத்தினான். "எல்லாரும் பந்தைப் பாக்கிய. பந்தைப் பாக்காதீய. அந்தப் பையன் எங்க பாக்கான்னு பாருங்க. ஸ்டார் முன்னால மூணு பேரு கையை விரிச்சிட்டு நிக்காவ, கொடுத்தா அந்த இடத்துலயே அடைச்சிருப்பாவ. இந்த மூலையில ஒருத்தனும் இல்ல. காலையிலயிருந்து பாயிண்ட் எடுக்காதவன்னா என்ன, அந்த நிமிசம் அவன்தான் சும்மா நிக்கான். இருபது வயசுல, பதினாலு பதிமூணுல, காலேஜே ஸ்டார் ஸ்டார்னு கத்துத நேரத்துல, இல்ல இவனுக்குத்தான்னு கொடுக்கதுக்கு எவ்வளவு நெஞ்சு வேணும். அடிச்சவன் வெளிய அடிச்சான். அது தூக்கினவன் குத்தமா?" கடைசிச் சொல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சுயம்பு போனை வாங்கிப் பொன்னுலிங்கம் அண்ணாச்சியிடம் காட்டினான், அவர் கண்ணாடியைத் தேடினார். அப்புறம் போன் கோயில்பிச்சையிடம் போனது. அவர் இடது கையில் வாங்கி, அசையாமல் நிற்கிற அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "மணியாவுது. கோப்பையை எடுங்க" என்றார்.

துண்டு விரித்த கோப்பை மேஜைமேல் வந்தது. புளியங்கொட்டை உள்ளங்கை வியர்வையில் வழுவழுவென்று இருந்தது, இவ்வளவு சின்னதா என்று சாலமோனுக்கு ஆச்சரியமாக இருந்தது, இதற்குள்ளா என் வீடும் மக்களும் இருந்தார்கள். போட்டான். கல்லை ஜன்னல் வழியே எறிந்தான். ரீகன் போட்டான், சுயம்பு போட்டான், அண்ணாச்சி நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து போட்டார். கோயில்பிச்சை கடைசி. அவருடைய மூடின கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அது கோப்பைக்குள் போனது, வெளியே வந்தது, ஒன்றும் தெரியவில்லை. கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சுயம்பு ஒன்று, சாலமோன் ஒன்று, எதிரே மூன்று. சுயம்புதான் துண்டை உதறினான். மேஜைமேல் உருண்டது இரண்டு கல். மூன்று கொட்டை. ரீகன் அண்ணாச்சியைப் பார்த்தான், அண்ணாச்சி ரீகனைப் பார்த்தார். "என்னைப் பாக்காத, நான் கல்லு" என்றார் அவர். வலை கட்டுற வேலை இரண்டு வருஷமாகிவிட்டது என்று சுயம்பு சொல்லிக்கொண்டே செயலாளருக்குப் போன் போட்டான். "பெவின். ஆமா, லிஃப்டர்தான். முதல் சீட்டு. எழுதுங்க." அங்கே மண்டபத்தில் யாரோ சிரிப்பது போனிலேயே கேட்டது.

கோயில்பிச்சை செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டிருந்தார். சாலமோன் கொட்டானை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வெயில் கண்ணைக் குத்தியது. பின்னாலிருந்து பொன்னுலிங்கம் அண்ணாச்சி, "ஏலே, கருப்பட்டியை மறந்து கொண்டு போறியே" என்றார். "உங்களுக்கு நாளைக்கு வேற கொண்டு வாரேன் அண்ணாச்சி" என்று திரும்பாமலே சொன்னான். கொண்டுவரத்தான் போகிறான், அதில் மாற்றமில்லை, அந்த சர்பத்தும் நிஜம்தானே. வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். என்ன சொல்வது? முப்பத்திமூணு வருஷத்துப் பேச்சில் எதை முதலில் எடுப்பது? கூப்பிடவே ஒரு பேர் இல்லை. "அண்ணாச்சி" என்றான். கோயில்பிச்சை சாவியைத் திருப்பாமல் நின்றார். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் தன்னைப் பார்த்து வருவது அவருக்கும் புதுசுதான். கொட்டானை நீட்டினான். அவர் கொட்டானைப் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. "அந்தப் பந்து நல்லாத்தாம்டே வந்துது" என்றார். "ஒரு முழம் உயரம், மூலையில கொண்டு வச்சா மாதிரி. அப்படி ஒரு பந்து எனக்கு அதுக்கு முன்னால யாரும் கொடுத்தது கிடையாது. அடிக்கும்போது நான் கண்ணை மூடிட்டேன். எங்கப்பா முன்வரிசையில இருந்தாரு. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன், ஊரு சிரிச்சிட்டு, அதுக்கப்புறம் எப்படி மாத்த?" வேறு விளக்கம் இல்லை. அந்தப் பந்து உயரத்தான் போயிருக்கிறது. அம்மா உயிரோடு இருந்தால் சாலமோன் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்றான், எதற்கு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கொட்டானை வாங்கி இடது கையில் எடை பார்ப்பதுபோலப் பிடித்தார். "சொல்லுததைச் சீக்கிரம் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா. எனக்கு இப்போ சுகரு. முந்நூறுல நிக்கி" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, வண்டி சீட்டின்மேல் கொட்டானை வைத்து, ஓலையைப் பிரித்து, ஒரு கருப்பட்டியின் ஓரத்தில் சாவியால் தட்டி நகத்தளவு உடைத்து, வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.